யாழ்ப்பாணத்து உணவும் இரத்தக் கொழுப்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இன்று கொலஸ்திரோல் என்னும் சொல்லை அறியாத வீடு இல்லை எனலாம். எழுத்து வாசனை அறியாத முதியவரும் தமது இரத்தத்தில் அஃது எவ்வளவு என்று இலக்கம் கூறுவர். மூன்று தலைமுறைக்கு முன்னிருந்தவர்கள் இச்சொல்லைக் கேட்டதில்லை. அவர்கள் அறிந்த சொல் கொழுப்பு என்பதே. அதனையும் ஆட்டிறைச்சியின் நெய்க்கும், அடங்காத பிள்ளையின் துடுக்குக்கும் பொதுவாக வழங்கினர்.

சொல் பரவிய அளவுக்குத் தெளிவு பரவவில்லை. பாட்டனார் காலத்தில் இந்நோய் இருந்ததில்லை, அவர் உண்டதை உண்டால் மருந்தே வேண்டுவதில்லை என்று உறுதியாகச் சொல்வார் ஒருசாரார். தேங்காயை வீட்டினின்றும் விலக்கினால் எல்லாம் சரியாகும் என்பார் வேறொரு சாரார். புட்டியில் அடைத்த மாத்திரையையும் பொடியையும் வாங்கியுண்டு, வைத்தியர் கொடுத்த மருந்தை நிறுத்திவிடுவார் இன்னொரு சாரார். இம்மூன்றும் உயிரோடு விளையாடும் எண்ணங்களாதலால், குடாநாட்டார் உண்மையில் எதனை உண்டு வந்தனர், அவ்வுணவு எப்பொழுது மாறிற்று, விஞ்ஞானம் அதனைப்பற்றி யாது கூறுகின்றது என்பவற்றை முறையாக நோக்குதல் வேண்டும்.

முதலில் நிலத்தைக் காண்போர் உணவின் காரணத்தைக் காண்பர். குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மீது அமைந்த சமநிலம். மலையில்லை, வற்றாத ஆறும் இல்லை. மாரியிலே மட்டும் ஓடும் வழுக்கியாறு ஒன்றே ஆறெனப் பெயர் பெற்றது. வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசி முதல் மார்கழி வரை தரும் மழை, கல்லினூடே ஊறிக் கிணறுகளிலே தேங்கும். அந்நீரைத் துலாவினால் இறைத்துத் தோட்டம் செய்வதே வலிகாமத்துச் செம்மண்ணின் வாழ்வு. நெல்லோ மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகம் விளைவது. மழை பிழைத்த ஆண்டில் அதுவும் இல்லை.

ஆகவே குடாநாட்டார் தாம் விளைத்த நெல்லைக்கொண்டு ஆண்டு முழுவதும் உண்ண முடியாதவராயினர். ஒல்லாந்தர் ஆட்சியிலும் பின் ஆங்கிலேயர் ஆட்சியிலும் புகையிலையே பணப்பயிராயிருந்தது. அதனைத் திருவிதாங்கூருக்கு ஏற்றுமதி செய்து பொருளீட்டினர். ஈட்டிய பொருளில் ஒரு பங்கு அரிசிக்குச் சென்றது. பணமுடையார் கடல்கடந்து வந்த அரிசியை வாங்கினர். இல்லாதார் குரக்கன், சாமை, வரகு, தினை ஆகிய சிறுதானியங்களையும், எல்லாவற்றிலும் மேலாகப் பனையையும் நம்பினர்.

பனையைப்பற்றி யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வில்லியம் பேர்கூசன் என்பார் 1850ஆம் ஆண்டிலே பனைக்கெனவே ஒரு நூலைக் கொழும்பில் வெளியிட்டார். 1859இல் வந்த எமர்சன் தெனந்தின் இலங்கை வரலாற்று நூலும் யாழ்ப்பாணத்துப் பனையை விரித்துரைக்கின்றது. பிற தேசத்தார் வியந்தது ஒரே மரம் வீடும் வேலியும் பாயும் பெட்டியும் உணவும் ஆவதைக் கண்டே. இங்கே உணவை மாத்திரம் நோக்குவோம்.

பழுத்து விழுந்த பனங்காயின் களியைப் பிழிந்து பாயில் ஊற்றி வெயிலில் உலர்த்தினால் பனாட்டு. விதைகளைப் பாத்தியில் அடுக்கி மண்ணிட்டு மூடினால், மாரி கழிந்து தையிலும் மாசியிலும் கிழங்கு. அக்கிழங்கை அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். அவியாமற் பிளந்து உலர்த்தினால் ஒடியல். ஒடியலை இடித்து மாவாக்கி, நீரில் ஊறவிட்டு, கைப்பு நீங்கும்வரை நீரை மாற்றி மாற்றி வடித்த பின்னரே பிட்டுக்கோ கூழுக்கோ எடுப்பர். ஊறவிடுதல் சுவைக்கு மட்டும் அன்று. கழுவாத ஒடியல் மாவிலே உடம்புக்கு ஒவ்வாத பொருளுண்டு என்பதைப் பிற்கால ஆராய்ச்சியும் கண்டது. அம்மிக்கும் உரலுக்கும் அருகிலிருந்த பெண்கள் அதனை அனுபவத்தால் முன்னரே அறிந்திருந்தனர்.

ஒடியற் கூழைக் காய்ச்சும் முறையையும் எண்ணிப் பார்த்தல் நன்று. மா சிறிதளவே. அதனுள்ளே மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை, புளி, மிளகாய் ஆகியன சேரும். எண்ணெய் ஒரு துளியும் இல்லை. ஒரு பெரும் பானையைச் சுற்றிக் குடும்பம் முழுவதும் இருந்து பிலாவிலையைக் கோலிக் குடித்தது வறுமையின் உணவுதான். ஆயினும் நாரும் இலையும் பருப்பினமும் மீனும் நிறைந்து, நெய்ப்பொருள் மிகக் குறைந்த உணவு அது.

இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்பது ஆடிக்கூழ். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் பாடிப் புகழ்பெறச் செய்த அக்கூழ், அரிசிமாவும் பயறும் தேங்காய்ப் பாலும் தேங்காய்ச் சொட்டும் பனங்கட்டியும் கூடியது. ஆடிப்பிறப்பு ஆண்டுக்கு ஒருமுறை வருவது. பனங்காய்ப் பணியாரம், பயற்றம் பணியாரம், முறுக்கு, வடை முதலாகப் பொரித்தெடுக்கும் பண்டங்களும் அவ்வாறே தீபாவளிக்கும் வருடப்பிறப்புக்கும் கலியாண வீட்டுக்கும் உரியன. ஆட்டிறைச்சியும் பல வீடுகளில் என்றோ ஒருநாள்தான். சைவ வீடுகளிலோ அதுவும் இல்லை. அன்றாட உணவுக்கும் விழா உணவுக்கும் இடையே இருந்த இவ்வேறுபாட்டை நேயர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். இவ்வரலாற்றின் உயிர்நிலை அதுவே.

எண்ணெய் வகையிலும் இரு மரபுகள் இருந்தன. ஒன்று நல்லெண்ணெய். குடாநாட்டிலும் வன்னியிலும் விளைந்த எள்ளைச் செக்கிலிட்டு ஆட்டி எடுத்தது. பிட்டோடும் தோசையோடும் சேர்த்ததும், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியத்தில் கொடுத்ததும், சனிக்கிழமை தலைக்கு வைத்ததும் அதுவே. மற்றது தேங்காய். தென்மராட்சியிலும் பச்சிலைப்பள்ளியிலும் மணற்பாங்கான நிலம் தென்னைக்கு உகந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பியர் பளைப் பகுதியிலே பெருந்தோட்டங்கள் அமைக்கத் தொடங்கினர். அதன் பின்னர் தேங்காய் மேலும் மலிந்து, சொதிக்கும் சம்பலுக்கும் இன்றியமையாததாயிற்று. இந்த இரண்டு எண்ணெய்களைப்பற்றி விஞ்ஞானம் வெவ்வேறு தீர்ப்புக் கூறுகின்றது. அதனைப் பின்னர்க் காண்போம்.

அக்காலத்து வைத்தியர் இவ்வுணவை எவ்வாறு நோக்கினர்? நல்லூரிலிருந்து ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்தில் எழுந்த செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் அம்மன்னரின் சிம்மாசனப் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றின் நிலையைக் கொண்டு நோயை நிதானித்து, மருந்தோடு பத்தியத்தையும் விதிப்பது அம்மரபு. எந்த நோயாளி எதனை உண்ணலாம், எதனை விலக்க வேண்டும் என்பதை மருந்துக்கு இணையாக மதித்தமை அதன் பெருமை. ஆயினும் அந்நூல்களிலே கொலஸ்திரோலுக்கு மருந்து உண்டென்று தேடுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. இரத்தத்திலே கரைந்து கண்ணுக்குப் புலனாகாமல் ஓடும் ஒரு பொருளை அளக்கும் கருவி அன்று உலகில் எங்கும் இருக்கவில்லை.

அப்பொருள் ஐரோப்பாவிலே முதலில் அகப்பட்டது பித்தப்பைக் கல்லில். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பிரெஞ்சு வைத்தியர் புலெத்தியே த லா சால் பித்தக் கற்களிலிருந்து மெழுகு போன்ற வெண்பொருளொன்றைப் பிரித்தார். மிஷேல் செவ்ரோல் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பித்தம் என்றும் திண்மம் என்றும் பொருள்படும் கிரேக்கச் சொற்களை இணைத்து அதற்குப் பெயரிட்டார். கொலஸ்திரோல் என்னும் பெயரின் பிறப்பு அதுவே. 1843இல் ஜேர்மனியரான யூலியுஸ் வோகல், தடித்த நாடிச்சுவரிலும் அப்பொருள் படிந்திருத்தலைக் கண்டார்.

இக்காலத்திலேதான் அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியசாலையும் வைத்தியக் கல்வியும் நிறுவினார். மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தவர் அவர். உடற்கூறு, இரண வைத்தியம், இரசாயனம் ஆகிய துறைகளில் அவரும் அவர்தம் மாணாக்கரும் தமிழாக்கிய நூல்கள் குடாநாட்டிலே அச்சேறின. அவற்றுள் கெமிஸ்தம் என்னும் இரசாயன நூல் 1875ஆம் ஆண்டுக்குரியது. உடம்பின் தொழிலை ஊரார் தம் மொழியிலே விளங்கிக்கொள்ளலாம் என்று அன்று நாட்டிய கொள்கை, இரத்தப் பரிசோதனைத் தாளை விளங்காமற் கையில் வைத்திருக்கும் இக்காலத்தார்க்கும் மிகப் பயன்படும்.

ஆராய்ச்சி மேலும் தொடர்ந்தது. 1913ஆம் ஆண்டிலே ருஷ்ய அறிஞர் நிக்கொலாய் அனிச்கோவ், சூரியகாந்தி எண்ணெயிற் கரைத்த கொலஸ்திரோலை முயல்களுக்கு ஊட்டி, அவற்றின் நாடிகளிலே படிவு உண்டாதலைக் காட்டினார். முயல் இலையுண்ணும் பிராணி. மனிதருக்கு அம்முடிவு பொருந்துமோ என்று பலர் ஐயுற்றனர். 1948இல் அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரிலே 5,209 பேரைத் தெரிந்து, அவர்களின் வாழ்வை ஆண்டாண்டாகத் தொடர்ந்து நோக்கத் தொடங்கினர். உயர்ந்த கொலஸ்திரோல், உயர்ந்த இரத்த அழுத்தம், புகைத்தல் ஆகியன இருதய நோய்க்கு முன்னறிகுறிகள் என்பது அதனால் வெளிப்பட்டது. சுருட்டும் புகையிலையும் விளைந்த குடாநாட்டுக்கு இம்மூன்றாவது உண்மை சிறப்பாக உரியது. உணவை எத்துணைச் சீர்படுத்தினாலும் புகையை விடாதவர் பாதி வழியிலேயே நிற்பவராவர்.

பின்னர் அன்செல் கீஸ் என்பார் 1958இல் ஏழு நாடுகளில் ஆராய்ச்சி தொடங்கினார். கிரீஸும் ஜப்பானும் அவற்றுள் அடங்கும். இலங்கை அவற்றில் இல்லை. விலங்கு நெய்யும் வெண்ணெயும் மிகுந்த நாடுகளிலே கொலஸ்திரோலும் இருதய நோயும் மிகுந்திருந்தன. அவ்வாராய்ச்சியின் முறையைக் குறைகூறியோரும் உளர். ஆயினும் நிரம்பிய கொழுப்பு இரத்தத்துக் கொலஸ்திரோலை உயர்த்தும் என்னும் கருத்துப் பின்வந்த பல சோதனைகளாலும் நிலைபெற்றது.

அதன் காரணத்தை எளிமையாகக் கூறலாம். உடம்பிலுள்ள கொலஸ்திரோலிற் பெரும்பகுதியை உடம்பே ஆக்கிக்கொள்கின்றது. அதில் ஈரலுக்குப் பெரும்பங்குண்டு. உயிரணுக்களின் சுவருக்கும் பித்த நீருக்கும் அது வேண்டும். இரத்தத்தின் வழியே அதனைச் சுமந்து திரியும் துணிக்கைகளுள் ஒருவகையே நாடிச்சுவரில் தங்கிக் கேடு செய்வது. அதனைத் தீய கொலஸ்திரோல் என்று பொதுவாக வழங்குவர். ஈரலின் மேற்புறத்திலே அத்துணிக்கைகளைப் பற்றி உள்ளே இழுத்துக்கொள்ளும் வாயில்கள் உள. அவ்வாயில்களைக் கண்டறிந்தமைக்காக மைக்கல் பிரவுன், யோசப் கோல்ட்ஸ்ரைன் இருவரும் 1985இல் நொபெல் பரிசு பெற்றனர். நிரம்பிய கொழுப்பை மிகுதியாக உண்டால் அவ்வாயில்கள் குறைகின்றன. தீய கொலஸ்திரோல் இரத்தத்திலேயே தேங்குகின்றது.

கரையும் நார் இதற்கு மாறாகத் தொழிற்படும். குடலிலே பித்தத்தைப் பற்றி வெளியே கொண்டுசெல்லும். இழந்த பித்தத்தை ஈடுசெய்ய ஈரல் இரத்தத்திலுள்ள கொலஸ்திரோலை எடுத்துக்கொள்ளும். பயற்றினம், காய்கறி, கீரை, தவிட்டோடு கூடிய தானியம் ஆகியவற்றின் பெருமை இதிலே அடங்கியுள்ளது.

இவ்வுண்மைகளைத் துணைக்கொண்டு குடாநாட்டு உணவு மாறிய வழியை நோக்கலாம். முதற் பெரும் திருப்பம் 1942இல் வந்தது. ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே இரங்கூன் அரிசி நின்றது. பங்கீட்டு அட்டையோடு கோதுமை மாவும் இலங்கையரின் அடுப்பங்கரையில் நிலையாகப் புகுந்தது. பிட்டும் இடியப்பமும் கோதுமை மாவிலே அவிக்கலாயினர்; பாணும் பரவிற்று. யுத்தம் முடிந்தும் மா போகவில்லை. 1980இலே திருகோணமலையிற் பெரும் மா ஆலை இயங்கத் தொடங்கிய பின்னர் அது மேலும் வேரூன்றிற்று. அதே காலத்தில் மொட்டைக்கறுப்பன் போன்ற உள்ளூர் நெல்லின் தவிட்டுச் சிவப்பரிசிக்குப் பதிலாகத் தீட்டிய வெள்ளையரிசி மதிப்புப் பெற்றது. குரக்கனும் சாமையும் வறியவர் உணவென்று ஒதுக்கப்பட்டன.

உழைப்பும் மாறிற்று. துலாவிலே ஏறி மிதித்தும் பட்டையைப் பிடித்து இறைத்தும் விடிய விடிய உழைத்த உடம்புக்கு, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்த நீரிறைக்கும் இயந்திரம் ஓய்வு தந்தது. உரலின் வேலையை ஆலை எடுத்துக்கொண்டது. ஓய்வு நன்மைதான், ஆனால் உணவு அதற்கேற்பக் குறையவில்லை.

1978இல் பனை அபிவிருத்திச் சபை தோன்றிப் பனம்பொருளுக்கு மீண்டும் இடந்தேட முயன்றது. 1990இல் போர் முற்றி, மின்சாரமும் பொருள்வரவும் தடைப்பட்ட ஆண்டுகளில் குடாநாட்டார் பலர் பனையையும் வீட்டுக் கீரையையும் மறுபடி நாட வேண்டியவராயினர். அப்பஞ்சத்தை எவரும் புகழார். 2009க்குப் பின் வன்னிப் பெருவழி திறந்து, கடைகளிலே பொதி செய்த இனிப்பும் பொரியலும் குவிந்தன. முன்னர்த் தீபாவளிக்கு வந்த பண்டம் இப்பொழுது நாள்தோறும் மாலைத் தேநீரோடு வருகின்றது. விழா உணவு அன்றாட உணவாயிற்று என்பதே இம்மாற்றத்தின் சுருக்கம்.

பாட்டனார் காலத்தில் இந்நோய் இல்லை என்னும் கூற்றை இவ்விடத்தே நிறுத்துப் பார்க்கலாம். 1940களின் நடுப்பகுதியிலே இலங்கையரின் சராசரி ஆயுள் 45 ஆண்டை எட்டவில்லை. மலேரியாவும் வயிற்றோட்டமும் பிள்ளைப்பேற்று மரணமும் பலரை முந்திக் கொண்டுசென்றன. இருதய நோய் பெரும்பாலும் பிற்பட்ட வயதின் நோய். திடீரென விழுந்து இறந்தவரை மாரடைப்பு என்று எழுதும் வைத்தியரும் எல்லா ஊரிலும் இருந்ததில்லை. இன்று சராசரி ஆயுள் எழுபதைக் கடந்துள்ளது. இருதய நோய் இலங்கையின் முதன்மையான மரண காரணமாகவும் நிற்கின்றது. ஆகவே பழைய உணவு நன்று என்று கூறுவதற்குப் பழங்காலம் நோயற்றது என்னும் கற்பனை வேண்டுவதில்லை. அவ்வுணவின் இயல்பே போதிய சான்றாகும்.

இனித் தேங்காயின் வழக்கு. தேங்காயெண்ணெயிலுள்ள கொழுப்பில் ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நிரம்பிய கொழுப்பு. நல்லெண்ணெயிலோ அது நூற்றுக்குப் பதினைந்து பங்களவே. எஞ்சியது பெரும்பாலும் நிரம்பாத கொழுப்பு. பேராதனைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர், உணவிலே தேங்காய்க் கொழுப்பில் ஒரு பகுதியைக் குறைத்து நிரம்பாத கொழுப்பை வைத்தபோது தீய கொலஸ்திரோல் குறைவதைக் கண்டனர். 2020இல் உலகின் பல சோதனைகளைத் தொகுத்து நோக்கிய ஆய்வொன்றும், ஏனைய தாவர எண்ணெய்களோடு ஒப்பிடத் தேங்காயெண்ணெய் அதனை உயர்த்துகின்றது என்றே முடித்தது. அதே வேளையில், 2013இல் வெளிவந்த இலங்கை ஆய்வொன்றிலே தேங்காய்ப் பாற்கஞ்சி குடித்தோருக்குத் தீமை காணப்படவில்லை. நாரும் தானியமும் கலந்த கஞ்சியிலே சேர்ந்த பாலையும், தாச்சியிலே கொதிக்கும் எண்ணெயையும் ஒன்றாக எண்ணலாகாது.

இதனாற் பெறப்படும் முடிவு நடுநிலையானது. தேங்காய் நஞ்சு அன்று, அமிர்தமும் அன்று. முதற்பாலைக் குறைத்து இரண்டாம் பாலிலே சொதி வைத்தலும், தேங்காயெண்ணெயிற் பொரித்தலை அரிதாக்குதலும், தாளிப்பதற்கு நல்லெண்ணெயை அளவோடு பயன்படுத்துதலும் எந்த வீட்டிலும் செய்யத்தக்கன. நல்லெண்ணெயும் எண்ணெயே, மிகுந்தால் உடம்பைப் பெருக்கும். நண்டுக்கும் இறாலுக்கும் அஞ்சிக் கூழையே விட்டவர் உளர். அவற்றிலே கொலஸ்திரோல் உண்டு. நிரம்பிய கொழுப்போ மிகச் சிறிது. உண்ணும் கொலஸ்திரோலைவிட நிரம்பிய கொழுப்பே பெரும்பாலோரின் இரத்தத்தில் மிகுந்த மாற்றம் செய்வது. ஆதலால் எப்போதாவது குடிக்கும் கூழைவிட நாள்தோறும் கடிக்கும் றோல்ஸுக்கே அஞ்ச வேண்டும். சூடை, சாளை போன்ற சிறுமீனைக் குழம்பாக்கி உண்ணுதலும் நன்று.

அடுத்தது புட்டியிலும் பொதியிலும் வரும் துணையுணவு. பூடு, மஞ்சள், கறுவா, மீனெண்ணெய் ஆகியவற்றைச் சாறாக்கி மாத்திரையாக விற்போர் எங்கும் உளர். 2022இல் முடிவு வெளியிடப்பட்ட அமெரிக்கச் சோதனையொன்றில் ஏறத்தாழ 190 பேருக்கு 28 நாள் இவற்றையும் வேறு சிலவற்றையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தனர். வெறும் மாத்திரை உண்டவருக்கும் துணையுணவு உண்டவருக்கும் தீய கொலஸ்திரோலிலே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிறிய அளவு ஸ்ரற்றின் மருந்து உண்டவருக்கோ நூற்றுக்கு முப்பத்தேழுக்கு மேற் குறைந்தது. நியாசின் என்னும் விற்றமின் கொலஸ்திரோலைக் குறைப்பது 1955இலேயே தெரிந்தது. எனினும் 2011இலும் 2014இலும் வந்த பெருஞ்சோதனைகளில், ஸ்ரற்றினோடு அதனைச் சேர்த்ததால் மாரடைப்புக் குறையவில்லை. இரத்தத்து இலக்கம் குறைதலும் உயிர் காத்தலும் எப்பொழுதும் ஒன்றல்ல என்பதற்கு அது சான்று.

பயன் தருவனவும் சில உள. இசப்கோல் உமியின் கரையும் நாரும், தாவரங்களிலுள்ள ஸ்தெரோலும் நாள்தோறும் தக்க அளவில் உண்டால் சிறிது குறைக்கும். சீனரின் சிவப்பு நொதியரிசியும் குறைக்கும். ஆனால் அதன் இரகசியம் வேறு. அதிலுள்ள பொருள் லோவாஸ்ரற்றின் என்னும் மருந்தேயாகும். அளவு தெரியாத மருந்தை உணவென்ற பெயரில் உண்பது, அதே மருந்தை வைத்தியர் கூறும் அளவில் உண்பதினும் ஆபத்தானது. ஒடியல் மாவும் பனங்களியும் கொலஸ்திரோலைக் கரைக்கும் அருமருந்தென்று விளம்பரஞ் செய்வோரையும் இவ்வாறே நோக்க வேண்டும். பனங்களியின் கைப்புப் பொருளை ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தனர். எலிகளிலே சில விளைவுகளையும் கண்டனர். எலியிற் கண்டது மனிதருக்கு விதியாகாது. ஒடியலின் பெருமை அது உணவாக நின்ற இடத்திலே உள்ளது: வெள்ளை மாவின் இடத்தையும் பொரியலின் இடத்தையும் அது நிரப்பியது. அவை இரண்டையும் விடாது அதன்மேல் ஒரு கரண்டி ஒடியற் பொடி உண்பதனால் அப்பெருமை வாராது.

ஸ்ரற்றின் மருந்தின் பிறப்பும் தமிழர் செவிக்கு இனியதொரு கதை. ஜப்பானிய அறிஞர் அகிர எந்தோ ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களைச் சோதித்து, 1973இலே கொலஸ்திரோல் ஆக்கத்தைத் தடுக்கும் பொருளைக் கண்டார். அப்பூஞ்சணம் கியோத்தோ நகரத்துத் தானியக் கடையொன்றின் அரிசியில் இருந்து பெறப்பட்டது. 1987இல் லோவாஸ்ரற்றின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1994இல் ஸ்கந்திநேவிய நாடுகளில் 4,444 இருதய நோயாளரை ஐந்தாண்டுக்கு மேல் நோக்கிய சோதனையிலே, அவ்வினத்து மருந்தொன்று மரணத்தை நூற்றுக்கு முப்பது அளவிற் குறைத்தது. பூஞ்சணம் தந்த இம்மருந்தை இயற்கைக்கு மாறானதென்று வெறுப்பதற்கு நியாயமில்லை.

சிலருக்குப் பரம்பரையாகவே அவ்வீரல் வாயில்கள் குறைவாக அமைகின்றன. அவர் மெலிந்தவராயிருக்கலாம், கீரையும் கூழும் அன்றி வேறு உண்ணாதவராயிருக்கலாம். ஆயினும் கொலஸ்திரோல் இளமையிலேயே உயர்ந்து நிற்கும். இத்தகையோரை உணவு மாத்திரம் காவாது. தந்தையோ தாயோ உடன்பிறந்தாரோ ஐம்பது வயதுக்கு முன் மாரடைப்புக்கு ஆளானால், அக்குடும்பத்தார் காலந்தாழ்த்தாது இரத்தத்தைப் பரிசோதித்தல் கடமையாகும். மருந்து தொடங்கியவர் அயலார் சொற்கேட்டு அதனைத் தாமாக நிறுத்தலாகாது. தசை நோவு முதலிய இடர் தோன்றினால் வைத்தியரிடமே சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றுதல் வேண்டும்.

யாழ்ப்பாணத்து முன்னோர் கொலஸ்திரோலைக் குறைப்பதற்காக ஒடியல் உண்ணவில்லை. வேறு வழியில்லாமையால் உண்டனர். தேங்காய்ப் பாலையும் பொரியலையும் விழாவுக்கு ஒதுக்கியதும் அறிவினால் மட்டும் அன்று, வசதியின்மையாலும் ஆகும். வறுமை விதித்த பத்தியம் அது. அவர்தம் பிள்ளைகளுக்கு அவ்வறுமை நீங்கியமை மகிழத்தக்கதே. வறுமை நீங்கிய பின்னர் அப்பத்தியத்தை எவரும் வலிந்து விதிக்கமாட்டார். இனி அதனைத் தாமே விரும்பித் தெரிந்துகொள்ள வேண்டும்: தவிட்டரிசியும் குரக்கனும், முருங்கையிலையும் பயறும், சிறுமீனும் அளவான நல்லெண்ணெயும் நாளாந்தம், பணியாரமும் பொரியலும் பண்டிகைக்கு. வைத்தியர் மருந்து வேண்டுமென்றால் மருந்தும் அதனோடு. கூழ்ப்பானையும் மருந்துப் புட்டியும் ஒன்றற்கொன்று பகையல்ல. இரண்டுக்கும் உரிய இடத்தை அறிந்த குடும்பமே நெடுநாள் நலத்தோடு வாழும்.